வெண்பொங்கல் ஆறினதும் இறுகிடுது, என்ன தப்பு?

புதுக்கரண்டி: ஒரு டம்ளர் பச்சரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, மூணு டம்ளர் தண்ணி, குக்கர்ல மூணு விசில். சூடா இருக்கும்போது நல்லா இருக்கு, அரை மணி நேரத்துல கட்டியாயிடுது. நெய் போதலையா?

அடுப்படி: நெய் இல்லீங்க, தண்ணிதான். மூணு டம்ளர்னா அது சாதம். பொங்கலுக்கு அஞ்சு, பழைய அரிசின்னா அஞ்சரை. பருப்பை அரை டம்ளராக்குங்க. வாசம் வர்ற வரைக்கும் வறுத்தா போதும், சிவந்துட்டா குழையாது. அஞ்சாறு விசில், ஆவி தானா அடங்கட்டும். ஆறும்போது மாவுச்சத்து இறுகும், அதனால இறக்கும்போதே தளதளன்னு இருக்கணும்.

மிளகுசீரகம்: மசிச்சதும் அரை டம்ளர் சூடான பால் சேருங்க. குக்கருக்குள்ள ஊத்தாதீங்க, பொங்கி வழியும். முந்திரியை முதல்ல வறுத்து எடுத்துடுங்க, இல்லேன்னா மிளகு பொரியறதுக்குள்ள கருகிடும். மிளகை ஒண்ணிரண்டா தட்டிப் போட்டா யாரும் பொறுக்கி ஒதுக்க முடியாது!

புதுக்கரண்டி: ஏற்கனவே இறுகினதை?

அடுப்படி: கால் டம்ளர் வெந்நீர் ஊத்தி, சிம்ல வச்சுக் கிளறுங்க. பச்சத்தண்ணின்னா கட்டி கட்டியா நிக்கும். உப்பு பார்த்துக்கோங்க.