முன்பல் 'பாண்டிங்': பற்பிணைப்பா, ஒட்டுவனைவா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

முன்பற்களின் ஏற்றத்தாழ்வைப் பிசின் கொண்டு சரிசெய்யும் 'பாண்டிங்' என்ற சிகிச்சைக்குத் தமிழ்ப் பெயர் கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் இதுவரை 'பற்பிணைப்பு', 'பற்பூச்சு', 'பல் ஒப்பனை' ஆகிய மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. பல் மருத்துவராக இந்தச் சிகிச்சையைத் தொடர்ந்து செய்துவருபவள் என்ற முறையில் மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. சிகிச்சை நடக்கும் விதத்தை முதலில் சொல்லிவிட்டால் என் தயக்கத்தின் காரணம் விளங்கும்.

மேல்வரிசை நடுப்பற்களில் ஒன்று முனை உடைந்து குட்டையாகவும், அதை அடுத்த வெட்டுப்பல் கூம்பு போலச் சிறுத்தும் உள்ள ஓர் இளைஞர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல் காய்ந்தால் வெளுத்துத் தெரியும் என்பதால், வாயில் ஈரம் இருக்கும்போதே நிறத்துக்கு இசைந்த பிசினைத் தேர்ந்துகொள்கிறோம். பிறகு பல்லின் கடினமான வெளியடுக்காகிய எனாமலின் மேல் ஏறக்குறைய 37 விழுக்காடு செறிவுள்ள பாஸ்பாரிக் அமிலக் களிம்பை 15 முதல் 30 நொடி வரை வைத்துக் கழுவி உலர்த்துகிறோம். பளபளத்த பரப்பு சுண்ணாம்பு அடித்தது போல மங்கிவிடும். கண்ணுக்குப் புலப்படாத நுண்குழிகள் அங்கே உண்டாகியிருக்கும். நீர்த்த ஒட்டுப்பிசின் அக்குழிகளுக்குள் இறங்கி, ஏறக்குறைய 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டதும் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. அதன்மேல், சிலிக்காவோ கண்ணாடித் துகளோ கலந்த கெட்டியான பிசினை, பெரும்பாலும் 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் ஒளியால் இறுக்கி, பல்லின் விளிம்பையும் வளைவையும் கையால் உருவாக்கி, இறுதியில் மெருகேற்றுகிறோம். ஒட்டவைக்கும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. மீதி நேரமெல்லாம் உருவம் கொடுப்பதற்கே செலவாகிறது.

இப்போது 'பற்பிணைப்பு' என்ற சொல்லுக்கு வருகிறேன். பள்ளி வேதியியலில் 'பிணைப்பு' என்பது அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பைக் குறித்து நன்கு வேரூன்றிவிட்டது. எனாமலில் நடப்பதோ பெரும்பாலும் அதுவன்று. பிசின் குழிகளுக்குள் விரல் நுழைத்தாற்போல நுழைந்து இறுகுவதே பிடிப்புக்கு முதன்மைக் காரணம். இன்றைய சில ஒட்டுப்பிசின்களில் கால்சியத்தோடு வேதிப்பிணைப்புக் கொள்ளும் மூலக்கூறும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் சிகிச்சைக்கே பெயராகும் தகுதி அதற்கு இல்லை. இதைவிட வலுவான தடை வேறொன்று. விபத்தில் ஆட்டங்கண்ட பல்லைப் பக்கத்துப் பற்களோடு கம்பியாலும் பிசினாலும் சேர்த்து நிறுத்துகிறோம். தமிழ் அறிந்த எவருக்கும் 'பற்பிணைப்பு' என்றதும் ஒரு பல்லை இன்னொரு பல்லோடு பிணைப்பதே தோன்றும். அந்தச் சொல்லை அந்தச் சிகிச்சைக்கு விட்டுவைப்பதே முறை.

குழந்தைகளின் பற்களுக்கு ஃபுளோரைடு பூசுவதற்குப் 'பூச்சு' என்ற சொல் நமக்குத் தேவைப்படும். 'ஒப்பனை' மாலையில் கலைத்துவிடுவது. இதுவோ பல ஆண்டுகள் வாயில் இருப்பது. 'பல் சீரமைப்பு' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். கிளிப் போட்டுப் பற்களை நகர்த்தும் சிகிச்சைக்கு அப்பெயர் ஏற்கெனவே வழங்குகிறது. பிசின் சிகிச்சை எந்தப் பல்லையும் நகர்த்துவதில்லை, ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரியாதபடி வடிவத்தை மட்டுமே மாற்றுகிறது. நகராத பல் நகரும் என்று நோயாளி நம்பும்படி ஒரு பெயர் அமைந்துவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 'பல் கட்டுதல்' என்றால் நம் ஊரில் பொய்ப்பல் வைப்பது. 'பசை' என்றாலோ பற்பசைதான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே என் முன்மொழிவு 'ஒட்டுவனைவு'. குயவர் மண்ணை வனைவது போலக் குழைவான பொருளைக் கையால் உருவாக்கும் செயலுக்கு 'வனைதல்' என்பதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. வனைந்தது பல்லோடு ஒட்டி நிற்பதை 'ஒட்டு' காட்டிவிடுகிறது. 'முன்பல்லை ஒட்டுவனைந்தார்', 'ஒட்டுவனைந்த பல்' என்று வினையாகவும் எச்சமாகவும் தடையின்றி வருகிறது. நோயாளியிடம் பேசும்போது 'பல் வனைவு' என்று சுருக்கிக்கொள்ளலாம். 'புனைவு' என்பதையும் எண்ணிப் பார்த்தேன்; அழகுபடுத்துதல் என்ற பழம்பொருள் அதற்கு இருந்தாலும், இன்று கதை என்ற பொருளே முந்திக்கொண்டு நிற்கிறது.

அமிலம் வைக்கும் படிநிலைக்கும் ஒரு சொல் வேண்டும். 'அமில அரிப்பு' என்பதை ஏற்க மாட்டேன். புளிப்புள்ள குளிர்பானங்களால் எனாமல் கரையும் கோளாறுக்கு அப்பெயர் வேண்டியிருக்கிறது. வழவழத்துப்போன அம்மியை உளியால் பொளிந்து சொரசொரப்பாக்கினால்தான் மிளகாய் அரைபடும். பழைய சுவரைக் கொத்திவிட்டால்தான் புதுப்பூச்சு பிடிக்கும் என்பது கொத்தனார் அனைவருக்கும் தெரியும். அமிலம் எனாமலில் செய்வதும் இதுவே. ஆகையால் 'அமிலப் பொளிவு' என்கிறேன். 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பல் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் புவோனோகோர் இந்த முறையை வெளியிட்டபோது, உலோகத்தின் மேல் வண்ணம் நன்றாகப் பற்றுவதற்காக அதே அமிலத்தைத் தொழிற்சாலைகளில் பயன்படுத்தியதிலிருந்தே அந்த எண்ணத்தைப் பெற்றார். அவர் வைத்தது 85 விழுக்காடு அமிலம், 30 நொடிக்கு. மேற்பரப்பைத் தயார்செய்யும் கைவினை அறிவிலிருந்து பிறந்த ஒன்றுக்கு, நம் கைவினையாளர் சொல்லே பெயராவது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

கெட்டிப் பிசினுக்குக் 'கலவைப்பிசின்' போதும். 1962இல் அமெரிக்க ஆய்வாளர் ரஃபேல் போவன் காப்புரிமை பெற்ற பிசினின் வழிவந்தவையே இன்றும் பெரும்பாலும் புழங்குகின்றன. பிசினும் கண்ணாடித் துகளும் கலந்தது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது.

நோயாளிக்கு நான் கொடுக்கும் குறிப்பில் இச்சொற்களைப் பின்வருமாறு எழுதிப் பார்த்தேன்: "முன்பல் ஒட்டுவனைவுக்குப் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி தேவைப்படாது. பல்லை மிகக் குறைவாகவே தேய்ப்போம், சில வேளைகளில் தேய்ப்பதே இல்லை. தேநீர், காப்பி, வெற்றிலை ஆகியவற்றால் வனைந்த பகுதி காலப்போக்கில் நிறம் மாறலாம். நகம் கடித்தால் விளிம்பு உடையலாம். உடைந்தால் அந்த இடத்தில் மட்டும் மீண்டும் வனைந்துகொள்ளலாம்." உரக்கப் படித்தபோது எனக்கு எங்கும் இடறவில்லை. உங்களுக்கு இடறும் இடம் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

ஒரு சொல் மட்டும் எனக்கு அகப்படவில்லை. முன்பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகட்டை, 'வெனீர்' என்பதை, எப்படி அழைப்பது? 'ஓடு' என்பது பொருத்தமானதுதான். ஆனால் 'பல்லோடு' என்று எழுதினால் பல்லுடன் என்றாகிவிடுகிறது. 'முகப்போடு' என்றாலும் அதே இடர்ப்பாடு. 'பீங்கான் சில்லு' என்றால் உடைந்த துண்டு என்ற எண்ணம் எழுமோ என்று அஞ்சுகிறேன். ஓடு செய்பவர்களோ தச்சர்களோ மெல்லிய மேல்தகட்டுக்கு வழங்கும் சொல் உங்கள் ஊரில் இருந்தால் தெரிவியுங்கள்.

அன்புடன்,
குழும உறுப்பினர் ஒருத்தி