சர்க்கரை இல்லாத கலர் எனக்கும் ஆத்தாவுக்கும் மட்டும் ஏன் கசக்கிறது?

வளவுவீட்டுக்காரி, தேவகோட்டை:
அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) சர்க்கரை வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் சர்க்கரை இல்லாத கலர் சோடாதான். அப்பச்சியும் தம்பியும் மடக் மடக்கென்று குடிக்கிறார்கள். எனக்கும் ஆத்தாவுக்கும் (அம்மாவுக்கும்) முதலில் இனிக்கிறது. விழுங்கியதும் அடிநாக்கில் இரும்புச் சாவியை நக்கியமாதிரி ஒரு கசப்பு. அப்பச்சி காபியில் போடும் குட்டி மாத்திரையும் அப்படித்தான். போன மாதம் ஒரு சாந்திக் கல்யாண வீட்டில் ஆத்தா முகம் சுளித்ததைப் பார்த்து, "பால் பணியாரம் தின்ற வாய்க்கு இதெல்லாம் எடுபடுமா?" என்று சித்தப்பா கேலி. பழக்கம்தான் என்றால் தம்பியும் அதே பணியாரம் தின்று வளர்ந்தவன்தானே? இது ரத்தத்தில் வருவதா?

லேப்காரன், காரைக்குடி:
ஆச்சி, புட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 950 என்றால் அசிசல்ஃபேம் பொட்டாசியம், 954 என்றால் சாக்கரின். இவை இரண்டும் நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியைத் தூண்டுவதோடு சில கசப்பு ஏற்பிகளையும் தூண்டிவிடும். அதில் முக்கியமானது டாஸ்2ஆர்31. அதன் மரபணு 12ஆம் குரோமோசோமில் இருக்கிறது, ஆளுக்கு ஆள் வடிவம் மாறும். ஆத்தாவிடமிருந்து கசப்பை நன்றாக உணரும் வடிவம் உங்களுக்கு வந்திருக்கலாம், தம்பிக்கு வராமல் போயிருக்கலாம். 951, அதாவது அஸ்பார்டேம், இந்த வழியில் கசக்காது. அது மட்டும் உள்ள மாத்திரையை வாங்கிப் பாருங்கள். காபியை இறக்கியபின் போடுங்கள், கொதித்தால் இனிப்பு போய்விடும்.

கானாடுகாத்தான் மாப்பிள்ளை:
எல்லாவற்றையும் மரபணு தலையில் கட்டாதீர்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், இனிப்பு எவ்வளவு தூக்கலாகத் தெரிகிறது என்பதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் 30 சதவீதம்தான் மரபணுவால். அப்புறம், ருசி தெரிவது வேறு, விரும்பிக் குடிப்பது வேறு. 2019இல் பிரிட்டனில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து, யார் எந்தப் பானம் குடிக்கிறார்கள் என்று அலசினார்கள். அதில் முன்னால் வந்து நின்றவை நாக்கின் ருசி மரபணுக்கள் அல்ல. காபி விஷயத்தில் கஃபீனை உடல் கையாளும் மரபணுக்கள். சர்க்கரை போட்ட பானத்தில், உடல் எடையோடு தொடர்புடைய எஃப்டிஓ என்ற மரபணு. எனக்கும் அந்தக் கலர் லேசாகக் கசக்கத்தான் செய்கிறது. வெயிலில் ஜில்லென்று கொடுத்தால் விடுவேனா?

வளவுவீட்டுக்காரி:
பார்த்தாச்சு. கலரில் 950, 951 இரண்டும் இருக்கிறது. அப்பச்சி மாத்திரை 954. புதிதாக 951 மட்டும் உள்ளது ஒரு டப்பி வாங்கி, நாலு டம்ளர் தண்ணீரில் இரண்டில் 954, இரண்டில் 951 என்று கரைத்து, எது எது என்று சொல்லாமல் வளவில் (வீட்டு முற்றத்தில்) வரிசையாக வைத்தேன். ஆத்தா 954 இரண்டையும் சரியாகத் தள்ளிவைத்துவிட்டார்கள். மற்ற இரண்டையும் குடித்துவிட்டு, "பானகம் மாதிரி இருக்கு, சுக்குதான் இல்லை" என்றார்கள். தம்பிக்கு நாலும் ஒன்றுதான். கலந்தது நான் என்பதால் என் நாக்கைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு டப்பியோடும் பள்ளத்தூர் போகிறோம், ஆத்தாவைப் பெற்ற ஆயாவுக்குக் கொடுத்துப் பார்க்க.