‘ஓர்டர் ஒஃப் மக்னிற்றியூட்’: வியாழனுக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

கிளிநொச்சி, விஞ்ஞான ஆசிரியை:

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் பத்தாம் தரப் பிள்ளைகளின் கண்காட்சி. அளவுகளை ஒப்பிட்டு மூன்று பலகை எழுதுகிறார்கள். ஒரு ஏக்கர் வயலில் ஒரு அங்குலம் மழை பெய்தால் விழும் தண்ணீர் 100 தொன்னுக்கு மேல், அதாவது நாலு தொன் யானைகள் 25இன் நிறை. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிள் குடித்த பெற்றோலை, ஓடிய வீதி நெடுக நூலாக இழுத்தால் தடிப்பு 0.16 மில்லிமீற்றர்தான். சிக்கல் மூன்றாவதில். சூரியனின் மொத்த வலுவை அதன் கனவளவால் வகுத்தால் கன மீற்றருக்கு 0.27 வாற்று. சும்மா இருக்கும் மனித உடம்புக்கு அதே கணக்கைப் போட்டால் 1000 வாற்றுக்கு மேல்! ஒன்று மற்றதைவிட எத்தனை தரம் பத்து மடங்காகிறது என்பதை ஆங்கிலத்தில் ‘ஓர்டர் ஒஃப் மக்னிற்றியூட்’ என்பார்கள். இந்த இடைவெளியைச் சொல்ல அதைப் ‘பருமன் வரிசை’ என்று எழுதினேன். “குண்டான ஆக்களின்ர லைனா ரீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். வேறு சொல் தாருங்கள்.

மதுரை, மொழிபெயர்ப்பாளர்:

எங்கள் பாடநூல்களில் பருமன் என்றால் நீங்கள் கனவளவு என்பது. உங்கள் வலு எங்களுக்குத் திறன். அதனால் பருமன் என்ற சொல்லை விட்டுவிடுவோம். ‘பதின்படி’ எப்படி? பத்துப் பத்து மடங்காக ஏறும் படி.

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, பத்தோடு கலம், படி போன்ற அளவுப்பெயர் சேர்ந்தால் நடுவில் ‘இன்’ வரும். பதின்கலம் என்றால் பத்துக் கலம். அப்படியானால் பதின்படி என்பது பத்துப் படி அரிசி ஆகிவிடும். ‘பதிற்றடுக்கு’ என்று வையுங்கள். அடுக்கு உங்கள் கணிதத்திலும் இருக்கிறது. பதிற்றுப்பத்தைப் பாடத்தில் படிக்கிற பிள்ளைக்குப் பதிற்று புதிதா?

இன்னொன்று. பேரெண்களுக்குப் பெயர் வைக்க நம் முன்னோர் கிரேக்கம் தேடிப் போகவில்லை. ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப்பெயர்களைத் தொல்காப்பியம் சொல்கிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரைகாரர் காட்டுகிறார்கள். மூன்றும் வன்னிக் குளத்துக்கட்டில் நின்றால் கண்முன் கிடக்கும். கீழ்வாய் எண்ணில், அதாவது பின்னங்களில், காணி என்பது எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இவற்றையும் ஒரு பலகையில் எழுதச் சொல்லுங்கள், தங்கச்சி.

வவுனியா, பொறியியலாளர்:

ஐயா, தாமரைப் பலகைக்கு நானே மட்டை வாங்கித் தருகிறேன். ஆனால் கண்காட்சிக்கு வருவது தாய் தகப்பன்மார். பதிற்றடுக்கு என்று கண்டால் அப்பால் நடந்துவிடுவார்கள். ‘பத்துப்படி’ போதும். நெல்லை மூடையில் அளக்கிற ஊரில் அரிசிப் படியோடு குழம்ப மாட்டார்கள்.

மதுரை:

என் பதின்படியில் ‘இன்’னை எடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதானே. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

முல்லைத்தீவு:

நான் ஒப்பவில்லை. பத்துப்படி என்று காதில் விழுந்தால் யாரும் மாடிப்படியைத்தான் எண்ணுவார்கள். பத்துப் படி ஏறினால் பத்தடி உயரம்கூட வராது. பெருக்கல் என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள் எங்கே இருக்கிறது?

கிளிநொச்சி:

ஐயா கேட்டது உண்மையான கேள்வி. அதைப் பிள்ளைகளிடமே கொண்டுபோனேன். ஒரு பெடியன் பலகையில் படிக்கட்டு வரைந்து, முதற்படியில் 1, அடுத்ததில் 10, அதற்கு மேல் 100, 1000 என்று எழுதிவிட்டான். ‘சூரியனைவிட நாங்கள் மூன்று பத்துப்படிக்கு மேல்’ என்று தலைப்பு. பெயின்ற் காய்ந்துவிட்டது.

முல்லைத்தீவு:

படம் நல்லது. வெள்ளி காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். கீழே சின்ன எழுத்தில் பதிற்றடுக்கு என்றும் எழுத இடம் விட்டு வையுங்கள்.