எபெனில் பிரெஞ்சு ஷிப்ட்: ஒருவரோடு பழகவும் நண்பர்களைப் பார்க்கவும் நேரத்தை எப்படிப் பிரிப்பது?

ரோஸ்ஹில்_கணக்கர் கேட்டது:

மொரிஷியஸில், எபென் சைபர்சிட்டி அலுவலகப் பகுதியில் பிரான்ஸ் வாடிக்கையாளர்களுக்கான கணக்குப் பிரிவு வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை, அவர்கள் கடிகாரப்படி 9 முதல் 18 வரை, நடுவில் 1 மணி நேர இடைவேளை. மாதத்தின் முதல் வாரம் கணக்கு முடிப்பு, அப்போது சனிக்கிழமையும் போகும். பழகிக்கொண்டிருப்பவர் கியூர்பிப்பில் பள்ளி ஆசிரியை. அவருக்குப் பகல் வேலை, மாலை ஓய்வு. எனக்கு அப்படியே எதிர்மாறு. நண்பர்கள் கூப்பிடுவதையும் குறைத்துவிட்டார்கள். வேலையை விடுவதாக இல்லை. வாரத்தை எப்படி அமைப்பது? திட்டம் அடிக்கடி மாறும்போது அவரிடம் எப்படிச் சொல்வது?

---

ரோஸ்டர்_அக்கா:

தம்பி, முதலில் இரண்டு கால அட்டவணை எழுதுங்கள். பிரான்சில் கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவார்கள், அதனால் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் பிரான்ஸுக்கும் 2 மணி நேர வித்தியாசம், உங்கள் ஷிப்ட் 11 முதல் 20 வரை. மற்ற மாதங்களில் 3 மணி நேரம், அதாவது 12 முதல் 21 வரை. ஒரு மணி நேரம்தான் நகர்கிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் 20 மணிக்கு முடிந்தால் சேர்ந்து சாப்பிடலாம். 21 மணிக்கு முடிந்து வீடு சேரும்போது, காலையில் பள்ளிக்குப் போக வேண்டியவர் படுக்கத் தயாராகிவிடுவார். "நவம்பரில் ஆளே மாறிப்போனான்" என்ற சண்டை இங்கேதான் ஆரம்பிக்கும். அக்டோபர் நடுவிலேயே மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து இடைவேளை. பிரான்சில் 13 மணி என்பது நமக்கு 15 அல்லது 16. அவர் பள்ளி முடிந்து வீட்டுக்குப் போகும் நேரம் அதுதான். டீம் லீடரிடம் கேட்டு வாரத்தில் இரண்டு நாளாவது அந்த நேரத்தை நிலையாக வாங்குங்கள். 40 நிமிடம் சாப்பாட்டுக்கு, 20 நிமிடம் போனுக்கு. அவரை மெட்ரோவில் எபெனுக்கு வரச் சொல்லாதீர்கள். ரோஸ் ஹில்லில் மாறி வந்து திரும்பவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், உட்கார்ந்து பேச எதுவும் மிஞ்சாது. ஷிப்டில் துண்டு துண்டாக மெசேஜ் அனுப்புவதைவிட அந்த 20 நிமிடக் குரல் மேல். துண்டு மெசேஜில் பதில் தாமதமாகும், தாமதம் அலட்சியமாகப் படும்.

நேரில் பார்க்க வாரத்துக்கு ஒரு நீண்ட சந்திப்பு போதும், 3 மணி நேரம், சனிக்கிழமை. ஞாயிறு மதியம் வேண்டாம். அது பெரும்பாலான வீடுகளில் குடும்பச் சாப்பாட்டு நேரம், அதை உடைத்து வரச் சொன்னால் அவர் வீட்டில் உங்கள் மேல் வருத்தம் வரும். ஞாயிறு 16 மணிக்குப் பிறகு கடற்கரை என்றால் சரி.

---

லீவு_கணக்கு:

அக்கா சொன்னதோடு லீவையும் சேருங்கள். 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு 2019 தொழிலாளர் உரிமைச் சட்டப்படி ஆண்டுக்கு 22 வேலைநாள் லீவு. இதில் 4 நாளைத் தனியே வைத்து, 8 அரைநாளாக எடுக்க அலுவலகத்தில் பேசுங்கள். ஒரு அரைநாள் மாலை, மாதம் முழுக்கத் தள்ளிப்போன நான்கு சந்திப்பைக் காப்பாற்றும்.

எப்போது எடுப்பது என்பதுதான் முக்கியம். மே 8, ஜூலை 14, நவம்பர் 11 ஆகியவை பிரான்சில் விடுமுறை, இங்கே இல்லை. அன்று மெயில் வராது, லீவு எளிதாகக் கிடைக்கும். ஆகஸ்டில் அங்கே பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள், நம் பள்ளிகளின் குளிர்கால விடுமுறையும் அதை ஒட்டியே வருகிறது. நவம்பரிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை பள்ளி நீண்ட விடுமுறை, உங்கள் ஷிப்டோ 12 மணிக்குத்தான். ஆண்டிலேயே உங்கள் இருவருக்கும் காலை நேரம் ஒன்றாகக் கிடைக்கும் காலம் அது. அப்போது சூரியன் 5.30 மணிக்கே எழும். 7 மணிக்குக் கடற்கரை, 10.30க்கு வீடு. இந்த மாதங்களைத் தூங்கிக் கழிக்காதீர்கள், தயவுசெய்து.

தைப்பூசம் போன்ற நாட்களில் எதிர்மாறு: இங்கே விடுமுறை, அங்கே முழு வேலை. யார் வருவது என்ற பட்டியலை டிசம்பரிலேயே கேளுங்கள். உங்கள் 5 நாளுக்கு 40 மணி நேரம் ஆகிறது, சட்டத்தின் வழக்கமான வாரம் 45. சனிக்கிழமை 5 மணி நேரத்தைத் தாண்டினால் அது கூடுதல் நேரம், குறைந்தது ஒன்றரை மடங்கு ஊதியம். சம்பள வரம்பைத் தாண்டியவர்களுக்கு விதி வேறுபடும், ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

---

புஸ்_மலை_நடை:

நண்பர்கள் விஷயம். வாட்ஸ்அப் குழுவில் "யாருக்கு எப்போ வசதி?" என்று கேட்டால் 40 மெசேஜ் ஓடும், யாரும் வரமாட்டார்கள். ஒரு நாளைக் குறித்துவிடுங்கள்: கணக்கு முடிப்பு வாரம் கழிந்த அடுத்த சனி, காலை 6 மணி, புஸ் மலை. 812 மீட்டர், 9.30க்கெல்லாம் இறங்கிவிடலாம், தால்பூரி சாப்பிட்டுப் பிரியலாம். மதியத்திலிருந்து அவருக்கான நேரம் அப்படியே இருக்கும். இரண்டு பேர் வந்தாலும் நடத்துங்கள். ஒருமுறை ரத்து செய்தால் அடுத்த மாதம் யாரும் நம்பமாட்டார்கள். புயல் மாதங்களில் மட்டும் முந்தைய மாலை வானிலை அறிவிப்பைப் பாருங்கள்.

வேலைநாள் காலையைத் துணி துவைப்பது, வங்கி, உடற்பயிற்சி ஆகியவற்றுக்கு வையுங்கள். சனியில் அவை நுழைந்தால் சனி காலி. இதற்கு நடுநிசிக்குள் தூங்கியாக வேண்டும். ஷிப்ட் முடிந்து 1 மணி வரை போனைத் தள்ளிக்கொண்டிருப்பவருக்குக் காலையே கிடையாது.

---

ரோஸ்ஹில்_கணக்கர்:

நன்றி. கடைசி நேரத்தில் ரத்து ஆவதை எப்படிச் சொல்வது? அவர் வீட்டில் புரட்டாசி விரதமும் உண்டு.

---

ரோஸ்டர்_அக்கா:

தெரிந்த உடனே, ஒரே மெசேஜில் மூன்று விஷயம்: வர முடியாது, காரணம் இது, மாற்று நாளும் நேரமும் இது. "அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் எழுதாதீர்கள், அதைத்தான் மறுப்பாக எடுத்துக்கொள்வார்கள். தொடர்ந்து இரண்டு முறை ரத்தானால் மூன்றாவதற்கு அரைநாள் லீவு போடுங்கள், பேச்சு வேண்டாம். கணக்கு முடிப்பு வாரத்தில் எதையும் ஒப்புக்கொள்ளவே கூடாது. அந்த நாட்களை அவருடைய போன் காலண்டரிலும் ஆண்டு முழுக்கக் குறித்துக் கொடுங்கள்.

புரட்டாசியில் கோவிந்தா விரதம் என்றால் அசைவம், மது இரண்டும் இல்லை, சனிக்கிழமை வீட்டில் பூஜை இருக்கும். அந்த மாதம் சந்திப்பை ஞாயிறு மாலைக்கு மாற்றி, சைவக் கடையை நீங்களே தேர்ந்தெடுங்கள். அவர் வந்து உட்கார்ந்த பிறகு விளக்க வேண்டிய நிலையில் வைக்காதீர்கள். வீட்டில் அழைத்தால் பூஜைக்கே போகலாம். ஆனால் இந்தச் சின்னத் தீவில் அது உறவினர் அத்தனை பேர் முன்னாலும் அறிமுகம் ஆவதுதான், அவருக்குச் சம்மதமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.