ஜெர்மனியில் மளிகை: எதை எந்தக் கடையில் வாங்குவது?

கேள்வி (ஸ்டுட்கார்ட்)

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து மனைவி, மகளுடன் வேலை நிமித்தமாக ஸ்டுட்கார்ட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். ஊரில் மாதத் தொடக்கத்தில் மளிகைக் கடையில் சீட்டைக் கொடுத்துவிட்டால் சாமான் வீட்டுக்கே வந்துவிடும். இங்கே நடந்து போகும் தொலைவிலேயே ஆல்டி, லிடில், ரேவே, எடேக்கா ஆகிய நான்கு கடைகளும் இருக்கின்றன. ஒரே பொருளுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு விலை. மலிவான கடைகளில் இருப்பவை தரம் குறைந்தவையோ என்ற ஐயம் என் மனைவிக்கு இருக்கிறது. நாங்கள் சைவம்; அன்றாடம் சோறு, சாம்பார், தயிர், வாரத்தில் சில நாள் இட்லியும் சப்பாத்தியும். எங்களைப் போன்ற குடும்பம் எதை எங்கே வாங்குவது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் (மியூனிக்)

வணக்கம் ஐயா. தரத்தைப் பற்றிய ஐயத்தை உங்கள் இல்லத்தார் விட்டுவிடலாம். ஆல்டியும் லிடிலும் மலிவாக விற்பதற்குக் காரணம் சரக்கின் தரமன்று, கடை நடத்தும் முறை: பொருள் வகைகளைக் குறைத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் தங்கள் சொந்தப் பெயரிலேயே விற்பார்கள், வந்த அட்டைப் பெட்டியோடு அப்படியே அடுக்கிவிடுவார்கள். எஸ்ஸன் நகரத்து ஆல்பிரெக்ட் சகோதரர்கள் இப்படித்தான் தாயாரின் சிறிய கடையை ஆல்டியாக வளர்த்தார்கள். ரேவேயிலும் எடேக்காவிலும் வகைகள் மிகுதி. ஆனால் அங்கேயும் ரேவேயின் ‘யா’, எடேக்காவின் ‘கூட் உண்ட் கூன்ஸ்டிக்’ போன்ற சொந்தப் பெயர்ப் பொருள்களை எடுத்தால் பால், தயிர், வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றின் விலை ஆல்டியின் விலையை ஒட்டியே இருக்கும். ஆகவே இவற்றுக்காகக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. வீட்டுக்கு எது அருகிலோ அதுவே போதும்.

ஒப்பிடும்போது பெரிய எழுத்தில் இருக்கும் விலையைப் பார்க்காதீர்கள். அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு என்ன விலை என்று அச்சிட்டிருப்பார்கள். சட்டப்படி அது இருந்தே ஆக வேண்டும். 400 கிராம் பொட்டலத்தையும் 500 கிராம் பொட்டலத்தையும் அருகருகே வைத்து மனக்கணக்குப் போடும் தொல்லை அதனால் இல்லை.

மாவில் மட்டும் கவனம் வேண்டும். இங்கே கோதுமை மாவுப் பையில் 405, 550, 1050 என்று எண்கள் இருக்கும். எண் கூடக்கூடத் தவிடு கூடும். 405 ஏறக்குறைய நம் மைதா. அதில் சப்பாத்தி இட்டால் ஆறியதும் ரப்பர் போலாகிவிடும், இழுத்தாலும் கிழியாது. 1050 ஓரளவு சரிவரும், ஆனாலும் மிருதுவான சப்பாத்திக்கு இந்தியக் கடையின் ஆட்டா மாவே தக்கது. உருளைக்கிழங்கிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு: ‘ஃபெஸ்ட்கோஹெண்ட்’ என்று எழுதியது வெந்தாலும் உடையாது, பொரியலுக்கு ஏற்றது, ‘மேலிக்’ என்று எழுதியது மாவாகக் குழையும், பூரி மசாலுக்கு அதுதான். தயிருக்கு 3.5 சதவீதக் கொழுப்புள்ள, சர்க்கரை சேராத ‘நாட்டூர்யோகுர்ட்’ வாங்குங்கள். அதையே உறை ஊற்றி வீட்டிலும் தயிர் தோய்க்கலாம்.

பதில் (டோர்ட்முண்ட்)

வணக்கம் தம்பி. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நெடுங்காலமாக இங்கே இருக்கிறோம். மேலே சொன்னவர் துருக்கிக் கடையை விட்டுவிட்டார். மரக்கறிக்கு நான் முதலில் போவது அங்கேதான். பெரிய கடையில் நான்கு தண்டு கொத்தமல்லியைச் சிறு தொட்டியிலோ பிளாஸ்டிக் உறையிலோ வைத்து விற்பார்கள்; துருக்கிக் கடையில் அதே காசுக்குக் கை நிறைய ஒரு கட்டுக் கிடைக்கும். வெண்டிக்காய், கத்தரிக்காய், புதினா, பச்சை மிளகாய் எல்லாம் அங்கே நல்லவை. கொண்டைக்கடலையும் மைசூர்ப் பருப்பும் பெரிய பைகளில் மலிவாக இருக்கும்.

துவரம் பருப்பு, உழுந்து, இட்லி அரிசி, பெருங்காயம், புளி ஆகியவற்றுக்குத் தமிழ்க் கடைக்குத்தான் போக வேண்டும். முருங்கைக்காய், கறிவேப்பிலை போன்றவை பல கடைகளுக்கு வாரத்தில் குறித்த நாளில்தான் வந்து இறங்கும். அது எந்த நாள் என்று கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டு அன்றே போங்கள், இரண்டு நாள் கழிந்தால் வாடியதுதான் மிஞ்சும். உறைய வைத்த தேங்காய்ப்பூவும், அதாவது தேங்காய்த் துருவலும், அங்கே உண்டு. மாதம் ஒரு முறை போய் அரிசியும் பருப்பும் மூட்டையாக எடுத்துவிட்டால், மற்ற வாரங்களில் அருகிலுள்ள கடையே போதும்.

பதில் (ஸ்டுட்கார்ட்)

வணக்கம். நானும் உங்கள் ஊரில்தான் இருக்கிறேன். இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். ஞாயிறன்றும் அரசு விடுமுறை நாள்களிலும் கடைகள் அடைத்திருக்கும். பெரிய ரயில் நிலையத்துக் கடைகள் போன்ற சில மட்டுமே திறந்திருக்கும், அங்கே விலை கூடுதல். ஈஸ்டரின்போது வெள்ளி, ஞாயிறு, திங்கள் ஆகிய மூன்று நாளும் விடுமுறை. இடையில் வரும் சனிக்கிழமை கூட்டம் அலைமோதும். ஆகவே வியாழனுக்கு முன்பே பாலும் காய்கறியும் வாங்கிவிடுங்கள். குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது மிக முக்கியம்.

அடுத்தது, வைப்புத்தொகை. ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிக்கு 25 சென்ட் கூடுதலாக வாங்குவார்கள். காலிப் புட்டியை நசுக்காமல் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். கல்லாவில் அதைக் கொடுத்தால் தொகை கழியும். நசுங்கிய புட்டியை இயந்திரம் பெரும்பாலும் ஏற்காது. ஆறு புட்டிகளில் ஒன்றரை யூரோ முடங்கிக் கிடந்தாலும் அது திரும்பி வந்துவிடும் என்பதால், விலையை ஒப்பிடும்போது இந்தத் தொகையைப் பொருளின் விலையோடு சேர்த்துக் கணக்கிடாதீர்கள். உண்மையில் இங்கே குழாய்த் தண்ணீரே குடிப்பதற்கு நன்றாக இருக்கும். புட்டித் தண்ணீர் சுமந்து வர வேண்டிய தேவையே இல்லை.

கேட்டவர் (ஸ்டுட்கார்ட்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வரும் சனிக்கிழமை தமிழ்க் கடைக்குப் போய் அரிசியும் பருப்பும் எடுக்கிறோம். இட்லிக்கு அரைக்க முழு உளுந்து கிடைக்குமா, உடைத்ததுதான் வருமா?

பதில் (டோர்ட்முண்ட்)

இரண்டும் வரும், தம்பி. தோல் நீக்கிய முழு உழுந்தையே கேட்டு வாங்குங்கள். அரைக்கும்போது அதுதான் நன்றாகப் பொங்கும். பையில் பொதியிட்ட தேதியையும் ஒருமுறை பாருங்கள். பழைய உழுந்து எவ்வளவு அரைத்தாலும் பொங்காது.