டயட் கோலா குடிச்சா இவ்ளோ கடுமையா வயிறு வலிக்குமா?

திருப்பூர்_கணக்கர்:
வணக்கம்ங்க எல்லாருக்கும். வயசு 34, பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ், நாள் பூரா உக்காந்தே பாக்கற வேலை. எனக்கு காலேஜ் காலத்துல இருந்து கோலா குடிக்கற பழக்கம். சுகர் பார்டர்ல இருக்குன்னு டாக்டர் சொன்னதும் பயந்துபோய் சர்க்கரை போட்ட எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்திட்டேன், கோலாவ மட்டும் விட முடியல, அதனால டயட் கோலாவுக்கு மாறிட்டேன். ஒரு நாளைக்கு ரெண்டு கேன், சில நாள் மூணு.

இப்ப என்னன்னா மூணு தடவை ராத்திரில வயித்து வலி வந்திருச்சுங்க. சாதாரண வலி இல்ல. நெஞ்சுக்குழிக்குக் கீழ கைய விட்டுப் பிழியற மாதிரி ஆரம்பிச்சு அப்படியே முதுகு வரைக்கும் இழுக்குது, உக்காந்தாலும் ஆகல, படுத்தாலும் ஆகல, ஹால்ல நடந்துகிட்டே இருந்தேன். ரெண்டு மூணு மணி நேரம் இருக்கும். வேர்த்துக் கொட்டி ஒரு தடவை வாந்தியும் எடுத்துட்டேன். அப்பறம் தானா விட்டுருது, காலைல எந்திரிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு. மூணு தடவையும் அன்னிக்கு டயட் கோலா குடிச்சிருந்தேன். வீட்ல எல்லாரும் கேஸ்னு சொல்லி ஓமத்தண்ணி குடுத்தாங்க, மெடிக்கல்ல ஒரு கேஸ் மாத்திரை குடுத்தாங்க, ரெண்டுலயும் ஒண்ணும் கேக்கல. அந்த செயற்கை இனிப்பு குடலைப் புண்ணாக்குமா? வேற யாருக்காச்சும் இப்படி ஆச்சா?

மதுரைக்காரி:
தம்பி எனக்கு ஆச்சு, ஆனா நீங்க சொல்ற அளவுக்கு இல்ல. கால் சென்டர்ல நைட் ஷிஃப்ட் பாத்தப்ப தூக்கம் வராம இருக்க டயட் கோலாதான் துணை, காலைல வெறும் வயித்துல கூட குடிப்பேன். வயிறு பலூன் மாதிரி உப்பும், புளிச்ச ஏப்பம் தொண்டை வரைக்கும் வரும், நெஞ்சு எரியும். ரெண்டு வாரம் சுத்தமா நிறுத்தினேன், முக்கால்வாசி போயிருச்சு. கோலால காஃபின் இருக்கு, அமிலமும் இருக்கு, அதோட கேஸ் வேற, வெறும் வயித்துல இதெல்லாம் சேந்தா எரியாம என்ன செய்யும். அந்த நேரத்துல தலைவலின்னு அடிக்கடி வலி மாத்திரையும் போட்டுக்கிட்டு இருந்தேன், டாக்டர் அதைத்தான் முதல்ல கேட்டாரு. வெறும் வயித்துல வலி மாத்திரை போட்டா அல்சர் வரும்னு சொல்லி அதை நிறுத்த வச்சாரு. நீங்க ஏதாச்சும் மாத்திரை போடறீங்களா?

இயற்கை_வழி:
ப்ரோ அந்த டயட் ட்ரிங்க்ஸ்ல இருக்கற அஸ்பார்டேம்ங்கற செயற்கை இனிப்பு சுத்த விஷம், கேன்சர் வரும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லிருச்சு. உடனே நிறுத்துங்க. காலைல வெறும் வயித்துல வாழைத்தண்டு ஜூஸ் இல்லேன்னா கத்தாழை ஜூஸ் குடிங்க, ஒரே வாரத்துல வலி ஓடிரும்.

ஸ்கேன்ரூம்_அக்கா:
நான் பதினோரு வருசமா ஒரு ஸ்கேன் சென்டர்ல வேலை பாக்கறேன், டாக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன்.

அஸ்பார்டேம் விஷயத்த மட்டும் சரியா சொல்லிடலாம், ஏன்னா இப்படி பயந்தா நிஜமான காரணத்தைத் தேடாம விட்டுருவோம். 2023 ஜூலைல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அதை '2பி'ங்கற வகைல வச்சாங்க. கேன்சருக்குக் காரணமா இருக்க வாய்ப்பு இருக்கலாம், ஆதாரம் குறைவுன்னு அர்த்தம். கத்தாழையோட முழு இலைச் சாறும் அதே வகைலதான் இருக்கு. அதே நாள்ல இன்னொரு நிபுணர் குழு, உடல் எடைல ஒரு கிலோவுக்கு தினம் 40 மில்லிகிராம் வரைக்கும் பரவாயில்லங்கற பழைய அளவை மாத்தாம விட்டாங்க. 70 கிலோ உள்ளவர் அதைத் தாண்டணும்னா ஒரே நாள்ல ஒன்பதுல இருந்து பதினாலு கேன் குடிக்கணும்னு கணக்கும் சொன்னாங்க. அதுக்காக குடிங்கன்னு நான் சொல்லல. அந்த மூணு மணி நேர வலிய அஸ்பார்டேம் தலைல கட்டிட்டு நிம்மதியா தூங்காதீங்கன்னு சொல்றேன்.

சுகர் ஃப்ரீ சாப்பிட்டா வயிறு வலிக்கும், பேதியாகும்னு சொல்றது பொய்யில்ல, ஆனா அது பெரும்பாலும் சார்பிட்டால், மால்டிட்டால், சைலிட்டால் மாதிரி வேற வகை இனிப்புங்களால. சுகர் ஃப்ரீ சூயிங்கம், சாக்லேட், பிஸ்கட்ல இருக்கும், அதிகம் சாப்பிட்டா பேதியாகலாம்னு அந்த கவர்லயே சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. அது முழுசா ஜீரணமாகாம பெருங்குடல் வரைக்கும் போய் தண்ணிய இழுக்கும், அங்க உள்ள கிருமிங்க அதைத் தின்னு கேஸ் பண்ணும். டயட் கோலால பொதுவா அது இருக்காது. கோலால இருக்கறது கேஸ்தான், ஒரு 300 மில்லி கேன்ல ஏறக்குறைய ஒரு லிட்டர் கேஸ் கரைஞ்சிருக்கும். வேகமா குடிச்சா வயிறு விரியும், வலிக்கவும் செய்யும், ஆனா ஏப்பம் விட்டா குறையும். உங்களுக்கு ஏப்பம் விட்டா குறைஞ்சுதா?

இதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க. அந்த மூணு ராத்திரியும் என்ன கிழமை, என்ன சாப்பிட்டீங்க? தினம்தான் கோலா குடிக்கறீங்களே, மத்த நாள்ல ஏன் வரல? எடை எவ்வளவு குறைஞ்சுது, எத்தனை நாள்ல?

திருப்பூர்_கணக்கர்:
அக்கா நீங்க கேட்டப்பறம்தான் காலண்டர எடுத்துப் பாத்தேன். மூணுமே சனிக்கிழமை. வாரம் பூரா காலைல ஒண்ணும் சாப்பிடறதில்ல, மத்தியானம் வெள்ளரிக்கா, முட்டையோட வெள்ளைக்கரு, ராத்திரி ஓட்ஸ் கஞ்சி, எண்ணெய் சுத்தமா கிடையாது. சனிக்கிழமை மட்டும் ஃப்ரெண்ட்ஸோட வெளிய போய் மட்டன் பிரியாணி, சில தடவை கொத்து பரோட்டா, கூட டயட் கோலா. ஒன்பதரைக்கு சாப்பிட்டா பதினொண்ணு பன்னெண்டுக்கு வலி ஆரம்பிக்குது. ஏப்பம் விட்டா கொஞ்சம் கூட குறையல. வார நாள்ல கோலா குடிச்சா வெறும் உப்புசம்தான், அது பழகிருச்சு.

எடை 106 இருந்தேன், இப்ப 89. பத்து வாரத்துல 17 கிலோ. எல்லாரும் பாராட்டினாங்க. வலி மாத்திரை எதுவும் போடறதில்ல. ஒண்ணு மறந்துட்டேன், கடைசித் தடவை வலது தோள்பட்டைக்குப் பின்னாடியும் வலிச்சுது, தூங்கினப்ப கழுத்து புடிச்சிருக்கும்னு நினைச்சேன்.

ஸ்கேன்ரூம்_அக்கா:
தம்பி, நாளைக்கே டாக்டரப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க. பித்தப்பைல கல் இருக்கான்னு பாக்கச் சொல்லிக் கேளுங்க.

கல்லுதான்னு நான் முடிவு பண்ணல, ஆனா நீங்க சொன்ன ஒவ்வொண்ணும் அந்தப் பக்கமே கை காட்டுது. கல்லீரல்ல சுரக்கற பித்தநீர் பித்தப்பைல சேந்து நிக்கும், கொழுப்பு உள்ள சாப்பாடு உள்ள போனா பை சுருங்கி அதை வெளிய தள்ளும். வேகமா எடை குறையறப்ப உடம்புல கரையற கொழுப்பால பித்தநீர்ல கொலஸ்ட்ரால் அதிகமாகும். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல குறைச்சா கல்லுக்கு வாய்ப்பு கூடும்னு சொல்லுவாங்க, நீங்க அதையும் தாண்டிட்டீங்க. அதோட எண்ணெயே இல்லாம, காலைச் சாப்பாடும் இல்லாம இருந்தா பை சுருங்கறதுக்கு வேலையே இல்ல, பித்தநீர் அங்கயே தேங்கி மண்டியாகி கல்லாகும். சனிக்கிழமை திடீர்னு அவ்ளோ கொழுப்பு உள்ள போனதும் பை இறுக்கிச் சுருங்குது, கல் அந்தப் பையோட வாய்ல போய் அடைச்சிக்குது, அதான் அந்தப் பிழியற வலி. கல் திரும்ப உள்ள விழுந்துட்டா வலி விட்டுரும், அதனாலதான் காலைல ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். வலது தோள்பட்டைல வலி தெரியறதும் பித்தப்பைக்கு வழக்கம்தான். எங்க சென்டருக்கு வரவங்கள்ல பல பேர் வருசக்கணக்கா கேஸ் மாத்திரை சாப்பிட்டுட்டுத்தான் வராங்க.

ஸ்கேனுக்குப் போறப்ப ஆறுல இருந்து எட்டு மணி நேரம் ஒண்ணும் சாப்பிடக் கூடாது, டீ கூட வேண்டாம், சாப்பிட்டா பை சுருங்கிப் போய் சரியாத் தெரியாது. அன்னிக்கு கோலா கண்டிப்பா வேண்டாம், குடல்ல கேஸ் நிறைஞ்சிருந்தா படமே மறைஞ்சிரும். சாதாரண எக்ஸ்ரேல பெரும்பாலான கல்லு தெரியாது, அதனால எக்ஸ்ரே எடுத்தாச்சு ஒண்ணுமில்லன்னு யாராச்சும் சொன்னா நிம்மதி ஆகிடாதீங்க.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். அடுத்த தடவை வலியோட குளிர் ஜுரம், கண்ணு மஞ்சள், ஒண்ணுக்கு டீ டிகாஷன் கலர்ல போறது, வயிறு கல்லு மாதிரி இறுகறது, ரத்த வாந்தி, கருப்பா மலம், இதுல எது இருந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரியே போங்க. நெஞ்சுக்குழி வலியும் வேர்வையும் வந்து இடது கை, தாடைன்னு இழுத்தாலும், நெஞ்சு அழுத்தினாலும், மூச்சு முட்டினாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்க, இசிஜி எடுக்கணும். சுகர் உள்ளவங்களுக்கு ஹார்ட் அட்டாக் சில சமயம் வயித்து வலி மாதிரியே வரலாம், நீங்க பார்டர்ல இருக்கீங்க.

கோவில்பட்டி_முத்து:
அக்கா சொன்னத அப்படியே கேளுங்க ப்ரோ. நான் கேக்காம விட்டவன். எனக்கும் இதே வலி, ஒன்றரை வருசம் கேஸ்னு ஓட்டினேன். வலி வரப்பல்லாம் தண்ணில போட்டா பொங்குமே அந்தப் பவுடர், இல்ல கோலி சோடா. ஏப்பம் வரும், வேலை செய்யுதுன்னு நினைச்சுக்குவேன். ஒரு தடவை பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரில காட்டினேன், வயித்துல கை கூட வைக்காம அல்சர்னு எழுதிக் குடுத்தாங்க, நானும் அதை நம்பிட்டேன். போன தீபாவளிக்கு மறுநாள் வலி வந்தது நிக்கவே இல்ல, முன்னாடி குனிஞ்சு உக்காந்தாதான் கொஞ்சம் தேவலைன்னு இருந்துச்சு. கல்லு நழுவி பித்தக் குழாய்ல மாட்டி கணையம் வீங்கிருச்சுன்னாங்க, லைபேஸ்னு ஒரு ரத்தப் பரிசோதனை எங்கயோ ஏறிக் கிடந்துச்சு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, அதுல மூணு நாள் வாயில பச்சத் தண்ணி இல்ல. என் பொண்ணுக்கு அப்ப நாலு வயசு, வெளிய கண்ணாடி வழியா கைய ஆட்டிட்டு நின்னா. அந்த ஒன்றரை வருசத்துல ஒரே ஒரு நாள் ஸ்கேன் எடுத்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது, அதை நினைச்சா இப்பவும் மனசு ஆறல.

இயற்கை_வழிக்கு ஒரு வார்த்தை, கோவிச்சுக்காதீங்க. வாழைத்தண்டு கிட்னி கல்லுக்குன்னு நம்ம ஊர்ல குடிக்கறது. இது பித்தப்பைக் கல்லு, ரெண்டும் வேற உறுப்பு, வேற கல்லு. ஆலிவ் ஆயிலும் எலுமிச்சை சாறும் குடிச்சா கல்லு பச்சையா வெளிய வரும்னு வீடியோ பாத்து நான் அதையும் செஞ்சேன். வந்தது அந்த எண்ணெய்யே குடல்ல சோப்பு மாதிரி உறைஞ்ச உருண்டைங்க, கல்லு உள்ளயே இருந்துச்சு.

இயற்கை_வழி:
சரிங்க முத்து அண்ணா, எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வீட்ல பெரியவங்க சொல்றதத்தான் சொன்னேன். தம்பி நீங்க ஸ்கேன் எடுங்க.

திருப்பூர்_கணக்கர்:
ஆறு நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும். அக்கா சொன்ன மறுநாளே லீவு போட்டுப் போனேன். டாக்டர் வலது விலாவுக்குக் கீழ அழுத்தி மூச்ச இழுக்கச் சொன்னாரு, வலி இல்ல, இப்ப வீக்கம் இல்லன்னு சொல்லி ஸ்கேனுக்கு எழுதினாரு. பித்தப்பைல சின்னச் சின்னதா நிறைய கல்லு, பெருசு 7 மில்லிமீட்டர். குழாய் வீங்கல, கல்லீரல் ரத்தப் பரிசோதனை, லைபேஸ் ரெண்டும் நார்மல். வலி வராம சும்மா இருக்கற கல்லுன்னா தொடவே வேண்டாம், உங்களுக்கு மூணு தடவை வந்துட்டதால பைய எடுத்துடறதுதான் நல்லதுன்னு சர்ஜன் சொல்றாரு. லேப்ராஸ்கோப்பிதான், நாலு சின்ன ஓட்டை. அடுத்த மாசம் 9-ஆம் தேதி குறிச்சிருக்கு. அது வரைக்கும் பிரியாணி, பொரிச்சது எதுவும் வேண்டாம், ஆனா பட்டினியும் கிடக்காதீங்க, மூணு வேளையும் சாப்பிடுங்க, எடைய மாசத்துக்கு ரெண்டு மூணு கிலோவுக்கு மேல குறைக்காதீங்கன்னு திட்டி அனுப்பினாரு.

கோலா பத்தியும் கேட்டேன். கல்லுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா உங்க உப்புசமும் ஏப்பமும் அதுனாலதான்னு சொன்னாரு. எனக்கு இருந்தது ரெண்டு வேற வேற வலி, ரெண்டையும் ஒரே கேன்ல போட்டு அடைச்சிட்டேன். நாலு நாளா நிறுத்தியிருக்கேன், உப்புசம் இல்ல, ஆனா மத்தியானம் மூணு மணிக்கு தலை வலிக்குது.

மதுரைக்காரி:
அது காஃபின் விட்ட தலைவலி தம்பி, எனக்கும் வந்துச்சு, ஒரு வாரத்துக்குள்ள போயிரும். திடீர்னு நிறுத்தாம சர்க்கரை இல்லாத டீ ஒரு கப் வச்சுக்கோங்க, அதையும் சாப்பிட்டதுக்கு அப்பறம். தலைவலின்னு வலி மாத்திரை மட்டும் போட்டுறாதீங்க.

கோவில்பட்டி_முத்து:
ஆபரேசனுக்கு பயப்படாதீங்க ப்ரோ, கணையம் ஆறினப்பறம் எனக்கும் எடுத்தாங்க, மறுநாள் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தோள்பட்டை ரெண்டு நாள் வலிக்கும், வயித்துக்குள்ள அடிக்கற கேஸால வரது அது, நடந்தா குறையும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்ல இருந்தா எடுத்துட்டுப் போய் இப்பவே கேட்டு வச்சிருங்க, கடைசி நேரத்துல அலைய முடியாது. 9-ஆம் தேதி முடிஞ்சதும் இங்க ஒரு வரி போடுங்க.