1 ஜிபி ரேம் டேப்லெட்டில் பால் கொள்முதல் செயலி திணறுகிறது: எங்கே குறைப்பது?

ஒடுகத்தூரான்:

வணக்கம். ஒடுகத்தூர், அணைக்கட்டு வட்டாரக் கிராமங்களில் பால் கொள்முதல் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு ஜாவாவில் ஒரு செயலி எழுதிக் கொடுத்திருக்கிறேன். உற்பத்தியாளர் பட்டியலில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) மூன்றையும் பதிந்தால் தொகை வரும். அவ்வளவுதான் அதன் வேலை. கையில் இருப்பவை 1 ஜிபி ரேமும் ஆண்ட்ராய்டு 5.1-உம் உள்ள ஏழு அங்குல டேப்லெட்டுகள். புதியவை வாங்கும் பேச்சே இல்லை.

இருபது மாதிரிப் பெயர்களை வைத்து நான் சோதித்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. மையத்தில் 240 பேரின் பெயரும் படமும் ஏறிய பிறகு, விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கேன்களோடு வரிசை நிற்கும் நேரத்தில், பட்டியலை இரண்டு தள்ளு தள்ளினாலே செயலி மூடிக்கொள்கிறது. பாதி பதிந்த கணக்கும் அதோடு போய்விடுகிறது. படக் கோப்பு எதுவும் 2 எம்பியைத் தாண்டவில்லை என்பதால், சிக்கல் அங்கே இருக்காது என்று நினைக்கிறேன். விலை அட்டவணையை ஏற்ற இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் கத்திரி வெயிலில் மாலைக் கொள்முதல் இன்னும் மந்தம். ஃப்ளட்டர் போன்ற வேறொரு நிரல் கருவியில் திருப்பி எழுதினால் இலகுவாகுமா?

காட்பாடி நிரலர்:

திருப்பி எழுத வேண்டாம். அதே சுமை புதிய வண்டியில் ஏறும். சிக்கல் படத்தில்தான் இருக்கிறது. 2 எம்பி என்பது ஜேபெக் சுருக்கிய அளவு. 8 மெகாபிக்சல் படம் 3264×2448 என்றால், திரையில் காட்டுவதற்காக விரிக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் அது ஏறத்தாழ 32 எம்பி பிடிக்கும். ஆண்ட்ராய்டு 8 வருவதற்கு முன், 3.0 முதல் 7.1 வரை, இந்தப் பிக்சல்கள் எல்லாம் செயலியின் ஜாவா ஹீப்புக்குள்ளேயே, அதாவது செயலிக்கென ஒதுக்கிய நினைவகப் பகுதிக்குள்ளேயே, அடங்கியாக வேண்டும். உங்கள் டேப்லெட்டில் அந்த வரம்பு 96 எம்பி என்று வைத்துக்கொண்டால், மூன்றாவது முகத்தோடு கதை முடிந்தது. படத்தை எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்கி விரிப்பது என்று சொல்லும் இன்சாம்பிள்சைஸ் மதிப்பை 8 என்று கொடுங்கள். படம் 408×306 ஆகி, அரை எம்பியில் அடங்கிவிடும். அதைவிட நல்லது, படம் சேர்க்கும் அன்றே சிறிய பிரதி ஒன்றை எடுத்து வைத்து, பெரியதை அதன்பின் தொடாமல் இருப்பது.

விலை அட்டவணையில் கொழுப்பு 3.0 முதல் 8.0 வரை, எஸ்என்எஃப் 7.0 முதல் 9.5 வரை, பத்தில் ஒன்றாக ஏறுகிறது என்றால் மொத்தம் 1,326 வரிகள். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகச் செருகினால், செயலியின் தரவுத்தளமான எஸ்கியூலைட் ஒவ்வொரு முறையும் வட்டில் எழுதி முடியும்வரை காத்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக, அதாவது ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் போட்டால் சில நொடிகளில் முடியும். பாதிக் கணக்கைக் காப்பாற்ற, லிட்டரைத் தட்டியதும் அதை வரைவு என்று தரவுத்தளத்தில் எழுதிவிடுங்கள். ‘சேமி’ பொத்தானுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மாலை மந்தத்துக்கு நிரல் மட்டும் காரணமில்லை என்பது என் ஊகம். தகரக் கூரையின் கீழ், சார்ஜரில் செருகியபடியே வைத்திருக்கிறார்களா? சூடு ஏறினால் டேப்லெட்டின் சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு நாள் பார்க்கச் சொல்லுங்கள்.

பால்காரர் மகன்:

நான் நிரல் எழுதுபவன் அல்லன். என் தகப்பனார் பல ஆண்டுகள் சங்கத்தில் பால் அளந்தவர். ஐயா, கேனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் தம் பெயரைச் சொல்வதே கிடையாது. ‘நூத்திப் பதினேழு’ என்று எண்ணைத்தான் சொல்வார். அப்படியிருக்க, 240 பேரை வரிசையாகக் காட்டும் பட்டியல் எதற்கு? ஈரக் கையால் அதைத் தள்ளித் தேடுவதற்குள் பின்னால் நிற்பவர்கள் சத்தம் போட்டுவிடுவார்கள். பெரிய எண்களாகப் பத்துப் பொத்தான் போதும்.

ஒடுகத்தூரான்:

இருவருக்கும் நன்றி. பட்டியலை எடுத்துவிட்டு எண் பலகை வைத்தேன். ஒருவர் எண்ணில் இன்னொருவர் பால் ஊற்றியதாகத் தகராறு வந்ததால்தான் நிறுவனம் படம் கேட்டது. ஆகவே எண்ணைத் தட்டிய பிறகு அந்த ஒருவருடைய சிறிய படம் மட்டும் வருகிறது. ஐந்து நாட்களாகச் செயலி ஒரு முறைகூட மூடவில்லை. அட்டவணையும் நான்கு நொடியில் ஏறுகிறது. சார்ஜர் விஷயமும் நீங்கள் சொன்னபடியே இருந்தது.

ஒன்று மட்டும் மிச்சம். அம்மாவுக்குப் பதிலாகப் பால் கொண்டுவரும் பிள்ளைகளுக்கு எண் தெரிவதில்லை. பெயரைத் தட்டித் தேட வேண்டியிருக்கிறது. ‘கோவிந்தம்மாள்’ என்று தேடினால் நான்கு பேரில் இருவர்தான் வருகிறார்கள். கண்ணுக்கு நான்கும் ஒன்றாகவே தெரிகின்றன.

காட்பாடி நிரலர்:

பெயர்களை இரு வேறு விசைப்பலகைகளில் தட்டியிருப்பார்கள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடு முறையில் ‘கோ’ என்பதை ககரமும் ஓகாரக் குறியும் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். ககரம், ஏகாரக் குறி, கால் என மூன்றாகவும் எழுதலாம். சேமிக்கும்போதும் தேடும்போதும் ஜாவாவின் நார்மலைசர் கொண்டு, இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

‘சௌந்தரி’ போன்ற பெயர்களுக்கு அது போதாது. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டுபவர்கள் உண்டு. அது வேறு எழுத்து என்பதால் என்எஃப்சி அதைத் தொடாது. ‘சவுந்தரி’ என்று எழுதுபவர்களும் உண்டு. தேடலுக்கென்று தரவுத்தளத்தில் தனி நெடுவரிசை ஒன்று வைத்து, அதில் மூன்றையும் ‘சவு’ என்றே எழுதி வையுங்கள். அச்சிடும் பெயரை அப்படியே விட்டுவிடுங்கள். ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் மட்டும் மாற்றாதீர்கள். இல்லாவிட்டால் உங்கள் ஊர் வெள்ளையம்மாள்கள் ஒருவரும் அகப்படமாட்டார்கள்.